சீவி ஒட்டும் தோலா, வளர்த்து ஒட்டும் தோலா?

உடம்பில் பெரும்பகுதி ஆழமாக வெந்தவருக்குப் புதுத் தோல் எங்கிருந்து வரும்? அடுத்தவர் தோல் சில வாரங்களில் உதிர்ந்துவிடும், வெந்தவருடைய சொந்தத் தோல்தான் நிலைக்கும். அதற்கு இரண்டு வழி.

பழைய வழியில், தீ படாத தொடையிலிருந்து கால் மில்லிமீட்டர் கனத்துக்குத் தோலைச் சீவி, இயந்திரத்தில் விட்டுக் கீறி, வலை மாதிரி இழுத்துப் பரப்புவார்கள். அடித்தோலும் கொஞ்சம் சேர்ந்து வருவதால் நன்றாகப் பிடிக்கும், உராய்வையும் தாங்கும். சீவிய இடம் சுமார் இரண்டு வாரத்தில் ஆறிவிடும், அங்கேயே மறுபடியும் எடுக்கலாம். ஆனால் அந்த இடத்து வலி சாதாரணமில்லை, வலைத் தடமும் கடைசிவரை தெரியும்.

இன்னொன்று, தபால்தலை அளவு தோலிலிருந்து ஆய்வகத்தில் செல்களைப் பெருக்குவது. அமெரிக்க ஆய்வாளர்கள் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் 1975ல் எலிச் செல்களின் துணையோடு மனிதத் தோல் செல்களை வளர்த்துக் காட்டினார்கள். 1983ல் பாஸ்டனில், 95 சதவீதத்துக்கு மேல் வெந்திருந்த இரண்டு சிறுவர்கள் பிழைத்தது இதனால்தான், சீவி எடுக்க அவர்களிடம் போதுமான தோலே இல்லை, நினைத்தாலே மனசு பதறுகிறது. ஆனால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும், செலவும் அதிகம், வருவது சில செல்கள் கனமுள்ள ஏடு, லேசாக உரசினாலே கொப்புளம் போடும்.

சீவ இடமிருந்தால் நான் முதல் வழியைத்தான் சொல்வேன். அப்புறம், இரண்டிலுமே வியர்வைச் சுரப்பி திரும்ப வராது, வெயில் காலத்தில் இவர்கள் படும் பாட்டுக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.