கையில் இருபதாயிரம்: புது லேப்டாப்பா, பழைய திங்க்பேடா?

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் அப்பா எண்ணிக் கொடுத்தது சரியாக 20,000 ரூபாய். அதே வாரம் அத்தை மகனுக்கும் அதே அளவு பணம் கிடைத்தது. இருவருக்கும் இன்ஜினியரிங் முதலாமாண்டு, இருவருக்கும் ஹாஸ்டல். மச்சான் ஷோரூமுக்குப் போய் 19,990 ரூபாய்க்கு உறை பிரிக்காத புது லேப்டாப் வாங்கினான். நான் சித்தப்பாவை இழுத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், மூடியில் இரண்டு கீறல் விழுந்த லெனோவோ திங்க்பேட் டி480 ஒன்றை 18,500 ரூபாய்க்கு வாங்கி வந்தேன்.

வீட்டில் இரண்டு நாள் பேச்சே இல்லை. "பழசை வாங்கவாடா பணம் கொடுத்தேன்?" என்று அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார், அவ்வளவுதான். டூவீலர் பட்டறை வைத்திருப்பவர் அவர். வருகிற வண்டியெல்லாம் பழைய வண்டிதான். ஆனால் தன் பிள்ளை புதுசு வாங்க வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருக்காதா?

எட்டு மாதம் ஆகிவிட்டது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டுக்கு வந்தபோது இரண்டு லேப்டாப்பையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தோம். நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை. வாங்கினதே அதைத்தானே.

வேகக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மச்சானுடையது இன்டெல் செலரான் என்4500, இரண்டு கோர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி (மலிவான, மெதுவான சேமிப்பு). என்னுடையது ஐ5-8350யு, நான்கு கோர், எட்டு த்ரெட், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு). டி480 வந்தது 2018-இல், அந்தச் செலரான் வந்தது 2021-இல். வயதில் இளையதுதான், ஆனால் பத்து டேப் திறந்து வைத்துக்கொண்டு ஒரு சி புரோகிராமை கம்பைல் செய்தால் எது இளையது என்ற சந்தேகம் யாருக்கும் வராது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சத் தேவை 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம். அதாவது மச்சானின் லேப்டாப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே ஜஸ்ட் பாஸ், முப்பத்தைந்து மார்க். முதல் பெரிய அப்டேட் வந்ததும் டிஸ்க்கில் இடம் இல்லை என்றது. போட்டோக்களையெல்லாம் பென்டிரைவுக்கு மாற்றிவிட்டு அப்டேட் செய்தான்.

எடையில் மச்சான் ஜெயித்தான். பேட்டரியிலும்தான்: அவனுக்கு ஆறு மணி நேரம் தாங்குகிறது, எனக்கு நாலரை. என் திரை வெயிலில் சுத்தமாகத் தெரியாது. டி480-இன் ஃபுல் ஹெச்டி திரையின் வெளிச்சமே 250 நிட்ஸ்தான். வெப்கேமில் என் முகம் ஆதார் அட்டையில் இருப்பதைவிடக் கொஞ்சம் மேல். என்னுடைய எட்டாம் தலைமுறை இன்டெல் சிப்பில் ஏவி1 என்ற புதிய வகை வீடியோவுக்கு ஹார்டுவேர் உதவி கிடையாது, அதனால் சில யூடியூப் வீடியோக்களுக்கு ஃபேன் கத்தும்.

சரி, இதெல்லாம் எந்த விமர்சன வீடியோவிலும் கிடைக்கும். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக.

மூன்றாம் நாள் அப்பா என் அறைக்குள் வந்து லேப்டாப்பைத் தூக்கிப் பார்த்தார். அடிப்பக்கத்தைத் திருப்பினார். பட்டறையில் எந்த வண்டி வந்தாலும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டார். "இதுக்கு ஸ்பேர் கிடைக்குமா?"

புது லேப்டாப் வாங்கப் போகும் யாரும் ஷோரூமில் இந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை. இஎம்ஐ உண்டா, பேக் இலவசமா, ஆஃபிஸ் போட்டுத் தருவீர்களா என்பதோடு முடிந்துவிடும். ஆனால் நான்கு வருடப் படிப்புக்கு ஒரு மெஷின் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

டி480 மாதிரியான மெஷின்கள் கம்பெனிகளுக்காகச் செய்யப்பட்டவை. ஐடி கம்பெனிகள் இவற்றை நூறு, ஆயிரம் என்று மொத்தமாக எடுத்து, மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டு, மொத்தமாகவே தள்ளிவிடுகின்றன. அப்படித் தள்ளியவைதான் ரிச்சி தெருவுக்கும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கும் வந்து சேருகின்றன. ஒரே மாடல் அத்தனை எண்ணிக்கையில் வரும்போது திரை உடைந்தது, போர்டு போனது என்று ஒரு பங்கு பிரித்து விற்கப்படுகிறது. அதனால் கீபோர்டு, ஹிஞ்ச், ஃபேன், டச்பேட், அடிமூடி எல்லாமே தனித்தனியாகக் கிடைக்கும். கம்பெனி ஐடி ஆட்கள் சீட்டிலேயே கழற்றி மாட்ட வேண்டும் என்பதால் டிசைனும் அதற்கேற்ப இருக்கும். எந்தத் திருகை எந்த வரிசையில் கழற்றுவது என்று படம் போட்ட பராமரிப்புக் கையேட்டை லெனோவோ இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. டிவிஎஸ் எக்ஸ்எல்லுக்கு எந்த ஊரிலும் சாமான் கிடைப்பது எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

இதை நான் சோதித்துப் பார்க்க வேண்டிய நிலை முதல் மாதமே வந்தது. தமிழ்99 விசைப்பலகையில் அடிப்பவன் நான். அதில் ழகரம் இருப்பது வலது ஓரத்தில், சாய்கோடு விசையில். யாரோ நான்கைந்து வருடம் தட்டித் தேய்த்த கீபோர்டு, அந்த ஒரு விசை மட்டும் விழவில்லை. 'மழை' என்று அடித்தால் 'மை' வந்தது. 'பழம்' 'பம்' ஆனது. ஆங்கிலம் மட்டும் அடிப்பவனாக இருந்திருந்தால் கவனித்திருக்கவே மாட்டேன்.

வேறு கீபோர்டு 1,500 ரூபாய்க்குக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை பட்டறை மேசையில் ஒரு பழைய துண்டை விரித்து நானும் அப்பாவும் உட்கார்ந்தோம். முதல் வேலை திருப்புளி எடுப்பது இல்லை. ஆன் செய்யும்போதே எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) போய், உள்பேட்டரியை நிறுத்தும் தெரிவை அழுத்த வேண்டும். இந்த மாடலில் பேட்டரி இரண்டு. உள்ளே 24 வாட்-மணி ஒன்று, பின்னால் கையால் கழற்றும்படி இன்னொன்று. பின்பேட்டரியை எடுத்துவிட்டு அடிமூடியின் ஆறு திருகுகளையும் தளர்த்தினேன். தளர்த்திய பிறகு திருகு விழும் என்று கையை ஏந்திக்கொண்டு கவிழ்த்தேன். விழவில்லை. தளர்ந்தாலும் மூடியிலேயே தங்கிவிடும்படி செய்திருக்கிறார்கள். அப்பா அதைத்தான் முதலில் பாராட்டினார். "இங்க பாதி நேரம் போல்ட்டு தேடியே போகுது. இவன் யோசிச்சிருக்கான்." காலாவதியான ஏடிஎம் கார்டை ஓரத்தில் நுழைத்து ஒரு சுற்று ஓட்டினோம், மூடி வந்துவிட்டது. கீபோர்டின் திருகைக் கழற்றி, சற்று நகர்த்தித் தூக்கினால் அதுவும் வந்தது. மதர்போர்டைத் தொடவே இல்லை. கேபிளை மாட்டும்போது மட்டும் கை நடுங்கியது. எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம்.

திறந்தது திறந்தாயிற்று என்று காலியாக இருந்த இன்னொரு ரேம் ஸ்லாட்டில் பழைய 8 ஜிபி டிடிஆர்4 ஒன்றைச் செருகினேன், 1,400 ரூபாய். ஆக மொத்தம் 21,400 ரூபாயில் 16 ஜிபி ரேம். பட்ஜெட்டைத் தாண்டின 1,400 ரூபாய் அம்மா கொடுத்தது, அப்பாவுக்குத் தெரியாது. ரேம் விலை அதற்குப் பிறகு ஏறிவிட்டது, இன்று அதே விலைக்குக் கிடைக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள்.

இப்போது மச்சான் கதைக்கு வருவோம். செமஸ்டருக்கு முந்தின இரவு ஹாஸ்டலில் யாரோ கைபட்டு டீயைக் கீபோர்டில் கவிழ்த்துவிட்டார்கள். துடைத்து, கவிழ்த்து வைத்து, காயவிட்டும் ஒரு வரிசை விசைகள் போனது போனதுதான். சர்வீஸ் சென்டரில் சொன்னது: வாரண்டி இருக்கிறது, ஆனால் திரவம் கொட்டினால் அதில் சேராது. கீபோர்டு மட்டும் தனியாக மாற்ற முடியாது, மேல்மூடியோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், 6,800 ரூபாய். இது அந்தக் கடைக்காரரின் கொள்ளை இல்லை. மலிவான லேப்டாப்கள் பலவற்றில் கீபோர்டைத் திருகு போட்டுப் பிடிப்பதில்லை, பிளாஸ்டிக் முளைகளை உருக்கி மேல்மூடியோடு ஒட்டிவிடுகிறார்கள். அவனுடையதில் ரேமும் போர்டிலேயே பற்றவைத்தது, இஎம்எம்சியும் அப்படியே. எது போனாலும் போர்டோடு போகும். இப்போது 350 ரூபாய் யூஎஸ்பி கீபோர்டைக் குறுக்கே வைத்து ஓட்டுகிறான். விற்றுவிடலாம் என்று விசாரித்ததற்கு 5,500 தருகிறேன் என்றார்களாம். என் டி480-ஐ இன்று விற்றால் என்ன வரும் என்று நான் விசாரிக்கவில்லை. விழ வேண்டிய விலையெல்லாம் எனக்கு முன்னால் வைத்திருந்தவர் காலத்திலேயே விழுந்துவிட்டது என்பது மட்டும் ஒரு நிம்மதி.

மச்சானுக்கு நடந்தது ஒரு விபத்து, எல்லோருக்கும் டீ கொட்டாது. அதை ஒத்துக்கொள்கிறேன். டி480-இல் கொட்டியிருந்தால் தப்பித்திருக்கும் என்றும் சத்தியம் செய்ய மாட்டேன். இந்தக் கீபோர்டில் திரவம் வடிந்து கீழே போக வழி வைத்திருக்கிறார்கள்தான், ஆனால் நான் டீ ஊற்றிச் சோதிக்கப் போவதில்லை. வித்தியாசம் கெட்ட பிறகுதான். 1,500 ரூபாயா, 6,800 ரூபாயா என்பதுதான் கணக்கு.

பழசு வாங்குவதில் மாட்டிக்கொள்ளும் இடங்களும் உண்டு. பெரிய பொறி, சிப்பின் தலைமுறை. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் அதிகாரப்பூர்வமாக ஏற்பது, பெரும்பாலும் எட்டாம் தலைமுறை இன்டெல்லிலிருந்துதான். டி470-இல் இருப்பது ஆறாம், ஏழாம் தலைமுறை. பார்க்க டி480 மாதிரியே இருக்கும், விலை மூன்று நாலாயிரம் குறைவு. "விண்டோஸ் 11 போட்டே தருகிறோம் தம்பி" என்பார்கள். சோதனையைத் தாண்டிக் குறுக்கு வழியில் போட்டுத் தருவது அது. லினக்ஸ் மட்டும் போதும் என்பவர்கள் தாராளமாக அதை வாங்கலாம். மற்றவர்கள் ஐ5 என்பதற்குப் பின்னால் வரும் எண் 8-இல் தொடங்குகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பெயர். டி480எஸ் என்று ஒரு எஸ் சேர்ந்தால் மெலிதாக, அழகாக இருக்கும், ஆனால் ஒரு ரேம் போர்டில் பற்றவைத்தது, ஒரு ஸ்லாட்தான் மிச்சம். டி490-உம் அப்படியே. எக்ஸ்280-இல் ஸ்லாட்டே கிடையாது. இரண்டு ஸ்லாட் வேண்டும், டி480 சிக்கவில்லை என்றால் டெல் லாட்டிட்யூட் 5490, ஹெச்பி எலைட்புக் 840 ஜி5 இரண்டும் அதே வகுப்பு மாணவர்கள்தான்.

கடையிலேயே எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் போகச் சொல்லுங்கள். பாஸ்வேர்ட் கேட்டால் அந்த மெஷினை அங்கேயே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். பழைய கம்பெனி போட்ட பூட்டு அது, பேட்டரியைக் கழற்றி மாட்டினாலெல்லாம் போகாது. வீட்டுக்கு வந்த அன்றே யூஎஸ்பி-சி போர்ட்டை இயக்கும் உள்மென்பொருளான தண்டர்போல்ட் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். அந்த வருடத்து மாடல்களில் பழைய ஃபர்ம்வேர் நாளடைவில் யூஎஸ்பி-சி போர்ட்டைச் செயலிழக்க வைக்கக்கூடியது, லெனோவோவே அதற்குத் திருத்தம் வெளியிட்டிருக்கிறது. டி480-க்கு சார்ஜர் அந்த போர்ட் வழியாகத்தான் என்பதால் அலட்சியம் வேண்டாம். அந்த போர்ட்டே இன்னொரு வசதியும் கூட. 65 வாட் யூஎஸ்பி-சி பிடி (பவர் டெலிவரி) சார்ஜர் யாரிடம் இருந்தாலும் என் லேப்டாப்புக்குச் சார்ஜ் ஏறும். ஹாஸ்டலில் இதன் அருமை தெரியும்.

பேட்டரி விஷயத்தில்தான் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. பின்பேட்டரி 72 வாட்-மணி வரை பெரிதாகவும் கிடைக்கும், லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம், உள்பேட்டரி அதுவரை தாங்கிப் பிடிக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைகளில் கிடைப்பதில் பாதி பெயர் தெரியாத கம்பெனிச் சரக்கு. ஒரு சீனியருடையது ஆறே மாதத்தில் உப்பிவிட்டது. ஒரிஜினல் கிடைக்கும்வரை நாலரை மணி நேரத்தோடு ஓட்டுகிறேன்.

புதுசு யாருக்கு என்றால், அக்கம்பக்கத்தில் கழற்றி மாட்ட ஆளே இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கு, ஆன்லைன் வகுப்பும் வேர்டும் மட்டும் போதும் என்பவர்களுக்கு. ஆனாலும் 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இஎம்எம்சியும் வேண்டவே வேண்டாம். பட்ஜெட் 30,000 பக்கம் போகுமானால் 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள புது மெஷின்கள் வருகின்றன. அவற்றில் ஒன்றை நண்பன் அறையில் ஒரு வாரம்தான் தொட்டிருக்கிறேன். அந்த ஒரு வாரத்தில் குறை சொல்ல எதுவும் தென்படவில்லை, அடிமூடியைக் கழற்ற மட்டும் அவன் விடவில்லை.

பொங்கலுக்கு வந்த மச்சான் ஊருக்குத் திரும்பும்போது, நல்ல டி480 ஒன்று கண்ணில் பட்டால் சொல்லச் சொன்னான். அந்த ழகரம் விழாத பழைய கீபோர்டை அப்பா தூக்கிப் போடவில்லை. பட்டறை அலமாரியில், கார்புரேட்டர் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். மற்ற விசைகள் நன்றாகத்தானே இருக்கின்றன என்கிறார்.