புக் செய்தது ஒருவரை, வந்து நின்றவர் வேறொருவர்

மகளின் பிறந்தநாளுக்கு மேஜிக் ஷோ வைக்கப் போகிறாள் என் தோழி. "நிகழ்ச்சிக் கலைஞர்களை புக் பண்ண ஒரு ஆப் வச்சிருந்தியே, இப்ப சேவைக் கட்டணத்தைக் குறைச்சிருக்காங்களாமே, அதுலயே போட்டுடட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று உடனே பதில் அனுப்பினேன். ஏன் என்று கேட்டிருக்கிறாள். அதற்குப் பதில் எழுதப் போய் இவ்வளவு நீண்டுவிட்டது.

வீட்டு விசேஷம், குடியிருப்போர் சங்க ஆண்டு விழா, அலுவலகத்தின் குடும்ப தினம் என்று வருடக்கணக்காக இந்த ஆள் பிடிக்கும் வேலை என் தலையில்தான் விழுகிறது. பெரும்பாலும் அந்த ஆப் வழியாகத்தான் செய்தேன். ஆகவே அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

சும்மா சொல்லக் கூடாது, தேடுவதற்கு அதைப் போல வசதி வேறெதிலும் இல்லை. தேதி, குழந்தைகளின் வயது, ஹாலா திறந்தவெளியா என்று போட்டால் அன்றைக்கு ஓய்வாக இருப்பவர்கள் மட்டும் வரிசையாக வருவார்கள். ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு, "அன்னைக்கு வேற புக்கிங் இருக்குங்க" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலிக்க வேண்டியதில்லை. நாம் கட்டும் பணமும் நேராகக் கலைஞர் கைக்குப் போகாது. நிகழ்ச்சி முடிந்து, சரி என்று நாம் அழுத்திய பிறகுதான் போகும். ஒருமுறை அடைமழையால் விழாவே நின்றுபோனது. வாதாட வேண்டியிருக்கும் என்று மனதைத் தயார்படுத்திக்கொண்டு பேசினேன். மறுபேச்சில்லாமல் முழுப் பணத்தையும் திருப்பிவிட்டார்கள். நேரடியாக அட்வான்ஸ் கொடுத்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும் என்பதால் இதன் அருமையும் தெரியும்.

என் கோபமெல்லாம் ஆள் மாறாட்டத்தின் மேல்தான்.

ஒரு மேஜிக்காரரை வீடியோ பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். வீடியோவில் அவர் செய்தது பெரிய வித்தையே இல்லை. ஒரு சிறுமியை முன்னால் அழைத்து மந்திரக்கோலை அவள் கையில் கொடுக்கிறார். அவள் வாங்கியதும் கோல் துண்டு துண்டாகச் சரிந்து தொங்குகிறது. அவள் திருதிருவென்று விழிக்க, அவர் வாங்கிப் பார்க்கிறார், கோல் நேராக நிற்கிறது. மறுபடி அவள் கையில் கொடுத்தால் மறுபடி தொங்குகிறது. எந்த மேஜிக் கடையிலும் கிடைக்கும் கோல்தான் அது. ஆனால் அவர் அந்தச் சிறுமியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவள்தான் உண்மையான வித்தைக்காரி, தனக்கு ஒன்றும் தெரியாது என்பது போல ஒரு பார்வை! கூட்டம் சிரித்தது அவரைப் பார்த்து, அவளைப் பார்த்து அல்ல. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள் நிறைய இருந்த விழா என்பதால் அவர்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அன்றைக்கு வந்தவர் வேறு. அதே மாதிரிக் கோட்டு, அதே பெயர் எழுதிய பெட்டி, ஆள் மட்டும் வேறு. ஸ்பீக்கரில் இசையைச் சத்தமாகப் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பட்டுத் துணிகளும் வளையங்களுமாகச் செய்துகொண்டே போனார். கை வேலை சுத்தம், குறை சொல்ல மாட்டேன். பெரிய மேடையில், பெரியவர்கள் முன்னால் கைதட்டல் வாங்கியிருப்பார். எங்கள் ஹாலிலோ கொஞ்ச நேரத்திலேயே பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து ஓடிப்பிடித்து விளையாட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆப்பின் உதவி மையத்தில் கேட்டால், "எங்கள் குழுவின் அனுபவமிக்க இன்னொரு கலைஞர்தான் வந்தார், அதே நிகழ்ச்சிதான், அதே நேரம்தான்" என்று சப்பைக்கட்டு. அப்போதுதான் விஷயமே விளங்கியது. நான் ஒரு மனிதரின் பக்கம் என்று நினைத்துப் பார்த்தது ஓர் ஏஜென்சியின் பக்கம். முகமும் வீடியோவும் ஒருவருடையவை, அனுப்புவது அன்றைக்கு யார் கிடைக்கிறார்களோ அவரை. அதன் கீழே குவிந்திருக்கும் நட்சத்திரங்கள் யார் யாருக்கு விழுந்தவை என்று யாராலும் சொல்ல முடியாது.

இது ஒரு தடவையோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். தொகுப்பாளர் விஷயத்தில் நடந்தது, பலூன்காரர் விஷயத்தில் நடந்தது. கடைசியாக ஃபேஸ் பெயின்டிங்குக்கு வந்த பெண் விரித்து வைத்த பெட்டியில் இருந்தவை படம் வரையும் அக்ரிலிக் ட்யூப்கள். முகத்துக்குப் போட வேண்டியது தோலுக்கென்றே தயாரித்த, தண்ணீரில் கரையும் அழகுசாதன வகை வண்ணம். 'நச்சற்றது' என்று ட்யூபில் போட்டிருந்தால் மட்டும் போதாது. அது காகிதத்தில் தீட்டுவதற்கான பேச்சு, குழந்தையின் கன்னத்துக்கானதல்ல. முதல் குழந்தை நாற்காலியில் உட்காரும் முன்பே நிறுத்திவிட்டேன். வரிசையில் நின்ற பிள்ளைகளிடம் இன்றைக்கு இல்லை என்று சொல்லும் வேலையும் எனக்கே வந்தது. நான் தேர்ந்தெடுத்த பெண்ணின் பக்கத்தில் எந்த வகை வண்ணம், புண்ணோ தடிப்போ இருக்கும் பிள்ளைகளுக்குப் போட மாட்டேன், முதலில் மணிக்கட்டில் சிறிது தடவிப் பார்ப்பேன் என்றெல்லாம் விவரமாக எழுதியிருந்தது. அந்த விவரத்தை நம்பித்தானே பணம் கட்டினேன்?

ஆள் மாறினால் என்ன, நிகழ்ச்சி அதேதானே என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இங்கிலாந்தில் கோமாளிகளின் முக ஒப்பனையை முட்டை ஓட்டில் வரைந்து வைக்கும் பழக்கம் இருக்கிறது. 1946-இல் ஸ்டான் புல்ட் என்பவர் தொடங்கினார். முட்டை உடைந்துபோகிறது என்று பிற்பாடு பீங்கான் முட்டைக்கு மாறினார்கள். ஒருவர் ஒப்பனையை இன்னொருவர் அப்படியே போட்டுக்கொள்ளக் கூடாது என்பது அந்தத் தொழிலில் எழுதாத விதி. அதற்கு அந்த முட்டைகள் சாட்சி மாதிரி நிற்கின்றன. விதூஷக வேலைதானே என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம். அவர்களோ ஒரு முகத்துக்கு ஒரு மனிதர் என்று வைத்திருக்கிறார்கள். இந்த ஆப்புக்கு அந்த மரியாதை கூட இல்லை.

மாற்றாக வந்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த மேஜிக்காரரோடு பிறகு பேசிக்கொண்டிருந்தேன். அவருக்குச் சொல்லப்பட்டது முகவரியும் நேரமும் மட்டும்தானாம். பார்ப்பவர்கள் குழந்தைகள் என்பதே ஹாலுக்குள் நுழைந்த பிறகுதான் தெரியுமாம். தெரிந்திருந்தால் வேறு சாமான் எடுத்து வந்திருப்பேன் என்றார். வீடியோவில் இருப்பவர் பெயருக்கு நட்சத்திரம், இவர் உழைப்புக்குத் திட்டு. கலைஞருக்கும் உடம்பு சரியில்லாமல் போகும், வண்டி பழுதாகும், அதையெல்லாம் யார் குறை சொல்வார்கள்? முந்தின நாளே சொல்லி, "இன்னார் வருவார், சம்மதமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதுமே. ஒருதடவை கூடக் கேட்டதில்லை.

பேசும் பொம்மை நிகழ்ச்சி நடத்தும் ஒருவரை வேறொரு வீட்டு விழாவில் நேரில் பார்த்து எண் வாங்கியிருந்தேன். எந்த ஆப்பிலும் இல்லாதவர். அவரை அழைத்த அன்று விலை பேசும் முன்பே கேள்வி கேட்க ஆரம்பித்தார். பிள்ளைகளுக்கு என்ன வயது, ஐந்துக்குக் கீழே எத்தனை பேர், பின்னால் ஜன்னல் இருக்கிறதா, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, பொம்மையைப் பார்த்துப் பயப்படும் பிள்ளை யாராவது உண்டா. ஜன்னலை எதற்குக் கேட்கிறார் என்று அங்கே போனதும் புரிந்தது. முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் அடித்தால் அவர் முகமும் பொம்மையின் முகமும் இருட்டாகிவிடும், பொம்மையின் வாயசைவு பிள்ளைகளுக்குத் தெரியாது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காது தனியாகத் தீர்மானிப்பதில்லை, அசையும் வாயைக் கண் காட்டிக்கொடுக்கிறது. வாயசைவு தெரியாவிட்டால் வித்தையே இல்லை.

முன்வரிசையில் உட்கார்ந்து அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ப, ம இரண்டும் உதடு ஒட்டாமல் வராத எழுத்துகள். பொம்மை வாய்க்கு வாய் "அம்மா", "அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. உதட்டுக்குப் பதில் நாக்கை மேற்பல்லில் ஒட்டி, 'த'வுக்கும் 'ந'வுக்கும் பக்கத்தில் ஒரு ஒலியை எழுப்புகிறார். அதைச் சொல்லும் அதே நொடியில் பொம்மையின் தலையை வெடுக்கென்று திருப்புகிறார். நம் கண் தலையோடு போய்விடுகிறது, காது மீதியைத் தானே நிரப்பிக்கொள்கிறது. தெரிந்துகொண்டு பார்த்தும் எனக்கு "அம்மா" என்றுதான் கேட்டது. ஆனால் உதடு மட்டுமே இந்தக் கலை அல்ல. அமெரிக்காவில் எட்கர் பெர்கன் 1937-லிருந்து பல வருடங்கள் சார்லி மெக்கார்த்தி என்ற பொம்மையோடு வானொலியில் நிகழ்ச்சி நடத்தினார். உதட்டையும் பொம்மையையும் பார்க்கவே முடியாத வானொலியில்! சார்லி என்ற வாயாடியைக் கேட்கத்தான் ஜனங்கள் காத்திருந்தார்கள். அதே பொம்மையை வேறொருவர் கையில் கொடுத்து அனுப்பினால் அங்கே யார் பேசுவார்கள்?

ஆள் தேடுபவர்கள் இதைச் செய்யுங்கள். வெட்டி ஒட்டி இசை போட்ட வீடியோவை வைத்து முடிவெடுக்காதீர்கள். பார்வையாளர்களும் தெரிகிற மாதிரி, வெட்டாத பத்து நிமிடத்தைக் கேளுங்கள். உண்மையில் நிகழ்ச்சி நடத்துபவரிடம் அது இருக்கும். வரப்போகிறவரோடு நேரில் பேசுங்கள், ஏஜென்சியோடு மட்டும் அல்ல. அவருடைய பெயரை எழுத்தில் வாங்குங்கள்: இன்னார் வருவார், முடியாவிட்டால் நம் சம்மதத்தோடு மட்டுமே மாற்று ஆள், சம்மதமில்லை என்றால் முழுப் பணமும் திரும்ப. மேஜிக்காரருக்குக் கையில் பிடிக்கும் மைக்கைக் கொடுத்து நிற்கவைக்காதீர்கள், அவருக்கு இரண்டு கையும் வேண்டும். காலர் மைக்கோ ஹெட்செட் மைக்கோ யார் கொண்டுவருவது என்று முன்பே பேசிவிடுங்கள். புகை மெஷின் உண்டென்றால் ஹாலின் புகை அலாரத்தைப் பற்றி ஹால்காரரிடம் கேட்டுவிடுங்கள். பலூன்காரர் ஒவ்வொரு பலூன் வெடித்ததும் துண்டைப் பொறுக்குகிறாரா என்று பாருங்கள். சின்னப் பிள்ளைகளின் தொண்டையில் சிக்கும் பொருள் அது. அமெரிக்காவில் 8 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு மூச்சடைக்கும் ஆபத்து என்ற எச்சரிக்கையை பலூன் பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆப்புக்குத்தான் மதிப்பெண் அதிகம் வரும். தேடல் நன்று, பணம் பத்திரம், திரும்ப வருவதும் நிச்சயம். நேரடியாகப் பிடிப்பதில் அலைச்சல் உண்டு, அட்வான்ஸுக்கு உத்தரவாதம் இல்லை. அப்படியிருந்தும் போனிலிருந்து அதை எடுத்துவிட்டேன், சேவைக் கட்டணத்தை அடியோடு நீக்கினாலும் திரும்பப் போடுவதாக இல்லை. யார் வரப்போகிறார் என்று சொல்லாத இடத்தில் என்னால் ஆளைத் தேர்ந்தெடுக்க முடியாது.

அடுத்த ஆண்டு விழாவுக்குப் பேசும் பொம்மைக்காரரையே சொல்லியிருக்கிறேன். தன் பெயரைக் கேட்காமலே எழுதி அனுப்பிவிட்டார். கூடவே இந்த முறையும் கேள்விகள் வந்திருக்கின்றன. பிள்ளைகள் தரையில் உட்காருவார்களா, நாற்காலியிலா என்று மட்டும் சங்கத்தில் கேட்டுச் சொல்ல வேண்டும்.