"தொடுதிரை இ-ரீடர்" என்று போட்டிருந்தால் உடனே வாங்கிவிடாதீர்கள்

அம்மாவுக்கு இரவில் நாலு பக்கமாவது படிக்காமல் தூக்கம் வராது. கைபேசியில்தான் படிப்பார். அரை மணி நேரத்தில் கண் எரிகிறது என்பார், ஆனாலும் விடமாட்டார். அதனால்தான் மின்னூல் படிப்பதற்கென்றே இருக்கும் கருவியான ஓர் இ-ரீடர் வாங்கிக் கொடுக்க நினைத்தேன். வாங்கி ஏமாந்தேன். அடுத்து வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து முழுவதும் படித்துவிடுங்கள்.

இணையத்தில் ஒரு விற்பனையாளர் போட்டிருந்த விளம்பரம் அது. "7 அங்குல வண்ண இ-ரீடர், காகிதம் போன்ற திரை, முழுத் தொடுதிரை, கண்ணுக்கு இதம்." கீழே சின்ன எழுத்தில் "1.67 கோடி வண்ணங்கள், வீடியோவும் பார்க்கலாம்" என்று ஒரு வரி. அந்த வரியைப் பார்த்ததுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் எதிர்பார்த்தது கைபேசித் திரைபோல் ஒளிராமல் காகிதம்போல் தெரியும் இ-இங்க் (மின்மை) திரை. அதில் நுண்ணிய குமிழ்களுக்குள் இருக்கும் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மேலும் கீழும் நகர்ந்துதான் எழுத்தாகத் தெரிகின்றன. அதில் வண்ணம் காட்டும் கலெய்டோ 3 என்ற வகையிலும் 4096 வண்ணங்கள்தான் உண்டு. கோடிக்கணக்கில் வண்ணம் என்றால் அது சாதாரண எல்சிடி திரைதான். இதெல்லாம் பணம் கட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பெட்டியைப் பிரித்து ஆன் செய்ததும் திரைக்குப் பின்னாலிருந்து நீல வெளிச்சம் அடித்தது. பளபளப்பு தெரியாமல் இருக்க மேலே ஒரு மங்கலான தாள் ஒட்டியிருந்தார்கள், "காகிதம் போன்ற" என்றது அதைத்தான். வெளிச்சத்தை முழுவதும் குறைத்தால் ஒன்றுமே தெரியவில்லை. மாலையில் சார்ஜ் போட்டுக் கொடுத்தேன், தூங்கும் முன்பே பேட்டரி சிவப்புக்கு வந்துவிட்டது. இ-இங்க் பக்கம் மாறும்போதுதான் திரைக்கு மின்சாரம் எடுக்கும். எல்சிடி எரிகிற நேரமெல்லாம் தின்றுகொண்டே இருக்கும்.

அதைவிட அம்மாவை வாட்டியது தொடுதிரைதான். விரலால் தடவினால் பக்கம் நகரவே இல்லை. நகத்தால் அழுத்த வேண்டியிருந்தது. அது ரெசிஸ்டிவ் வகை, அதாவது இரண்டு மெல்லிய தாள்கள் அழுத்தத்தில் ஒன்றையொன்று தொட்டால்தான் வேலை செய்யும். "எனக்குத்தான் இதைப் பயன்படுத்தத் தெரியவில்லை போலிருக்கு" என்று அம்மா சொன்னபோது எனக்கு மனசே கேட்கவில்லை. போதாததற்குத் தமிழ் எழுத்தும் உடைந்து வந்தது. "கொடு" என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம்.

விற்பனையாளருக்கு எழுதினேன். "விளம்பரத்தில் இ-இங்க் என்று நாங்கள் எங்கேயும் சொல்லவில்லையே" என்று பதில் வந்தது. திரும்பப் படித்துப் பார்த்தேன். உண்மைதான், சொல்லவில்லை. நாம் அப்படி நினைத்துக்கொள்ளும்படி மட்டும் எழுதியிருக்கிறார்கள். பழுது எதுவும் இல்லை, முத்திரை பிரித்தாகிவிட்டது, எனவே திரும்ப எடுக்க முடியாது என்று முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதிலே இல்லை.

சரி, பழையதாக இருந்தாலும் அசல் இ-இங்க் வாங்கலாம் என்று தனிநபர் ஒருவரிடம் பேசினேன். இந்த முறை திரை அசல்தான். ஆனால் பக்கங்கள் தானாகவே புரண்டன. இது அகச்சிவப்புத் தொடுதிரை. திரையின் விளிம்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும், விரல் அவற்றை மறைக்கும்போது தொட்டதாக எடுத்துக்கொள்ளும். விளிம்புப் பள்ளத்தில் தூசி சேர்ந்தால் அதையும் விரல் என்றே நினைக்கும். மென்மையான தூரிகையால் துடைத்ததும் அது சரியாகிவிட்டது. சரியாகாதது வேறொன்று. புத்தகம் வாங்கும் என் இணையக் கணக்கில் அதைப் பதிவு செய்யப் போனால் மறுத்துவிட்டது. முன்பு வைத்திருந்தவர் அதைத் தொலைந்துபோனதாகப் புகார் செய்திருக்கிறாராம். கேபிள் வழியாக ஏற்றும் புத்தகங்கள் மட்டும் திறக்கின்றன, காசு கொடுத்து வாங்கிய எதையும் இறக்க முடியவில்லை. விற்றவர் என் எண்ணைத் தடை செய்துவிட்டார். பழைய கருவி வாங்கினால், உங்கள் கணக்கை அதில் ஏற்றிப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

"தொடுதிரை" என்ற ஒரே சொல்லுக்குள் இவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்று முன்பு யாரும் எனக்குச் சொல்லவில்லை. 2008-இல் சோனி பிஆர்எஸ்-700 என்ற ரீடரில் இ-இங்க் திரைக்கு மேல் தொடுபடலம் ஒட்டி வந்தது. எழுத்து மங்குகிறது, கண்ணாடிபோல் பிரதிபலிக்கிறது என்று பலரும் குறைப்பட்டார்கள். 2010-இல் வந்த பிஆர்எஸ்-650 அகச்சிவப்புக்கு மாறியது. மேலே படலம் இல்லாததால் எழுத்து பளிச்சென்று இருக்கும், கையுறை போட்டும் தொடலாம். 2012-இல் வந்த அமேசானின் கிண்டில் பேப்பர்வைட் கைபேசிகளில் இருப்பது போன்ற கெபாசிட்டிவ் தொடுதிரையோடும், திரையின் முன்பக்கத்தில் ஒளியைப் பரப்பும் முன்விளக்கோடும் வந்தது. லேசாகத் தொட்டாலே போதும், ஆனால் ஈரத் துளி பட்டால் தடுமாறும்.

நல்ல கருவியிலும் குறை இல்லாமல் இல்லை. படுத்துக்கொண்டு ஒரு கையில் பிடித்துப் படிக்கும்போது கட்டைவிரல் பட்டுப் பக்கம் ஓடிவிடும். எனக்கு இதுதான் பெரிய எரிச்சல். அதனால் பக்கம் திருப்பப் பொத்தானும் இருக்கிற மாடலையே நான் சொல்வேன். ஸ்கேன் செய்த பழைய தமிழ்ப் புத்தகங்களை 6 அங்குலத் திரையில் படிக்க நினைக்காதீர்கள். இரண்டு விரலால் பெரிதாக்கி நகர்த்தும் ஒவ்வொரு முறையும் திரை தயங்கித் தயங்கித்தான் வரும். அப்புறம் வண்ணத் திரை. கலெய்டோ 3-இல் கறுப்பு எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளி, வண்ணம் 150 புள்ளிதான். பின்னணியும் சற்றுக் கறுத்தே தெரியும். கதை மட்டும் படிப்பவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

நேற்று அந்த முதல் விளம்பரத்தை மறுபடி தேடிப் பார்த்தேன். இன்னும் இருக்கிறது. "காகிதம் போன்ற திரை" அப்படியே இருக்கிறது, "1.67 கோடி வண்ணங்கள்" என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டார்கள். ஆகவே வரியை நம்பாமல் வீடியோ கேளுங்கள். கருவியின் விளக்கை முழுவதும் அணைத்து, பகல் வெளிச்சத்தில் வைத்து, ஒரு தமிழ்ப் புத்தகத்தில் பத்துப் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் வாங்காதீர்கள்.