ஆட்டோரன்ஸ்: ஆறு வருடம் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன்

பவர் பட்டனை அழுத்திவிட்டு அடுப்படிக்குப் போய் டீ போட்டு எடுத்து வந்தால், அப்போதும் என் லேப்டாப் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். கணினி தொடங்கும்போது தானாக ஓடும் நிரல்களையெல்லாம் பட்டியலிட்டு நிறுத்த உதவும் ஆட்டோரன்ஸ் என்ற கருவி கையில் கிடைப்பதற்கு முன், 2019 கடைசியில் இதுதான் நிலைமை. 2018இல் வாங்கியது, 4 ஜிபி ரேம், நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் பழைய வகை ஹார்ட் டிஸ்க். வீட்டிலிருந்தே சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். மாதம் 20ஆம் தேதி நெருங்கும்போது கடைக்காரர் போனில் காத்திருப்பார், ஒரு பில்லைத் திறந்து தொகை சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிடும். ஒருநாள் கைபேசியில் நேரம் வைத்தே பார்த்தேன். பட்டனை அழுத்தியதிலிருந்து எக்செல் திறந்து ஓர் எண்ணை அடிக்கும் வரை 4 நிமிடம் 10 விநாடி.

கணினி தொடங்கும்போது எதெல்லாம் தானாக எழுந்து ஓடுகிறது என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். விண்டோஸ் 7 காலத்தில் இதற்கு எம்எஸ்கான்ஃபிக் என்று அடித்துத் திறக்க வேண்டும். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் அது, ஓடும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜருக்குள் ஸ்டார்ட்அப் என்ற தாவலாக வந்துவிட்டது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். என் பட்டியலில் 17 பெயர்கள் இருந்தன. நான் தெரிந்து வைத்தது அதில் மூன்று. மற்றதெல்லாம் ஏதோ ஒன்றை நிறுவும்போது கூடவே வந்து உட்கார்ந்தவை, சில லேப்டாப்போடு கடையிலிருந்தே வந்தவை.

அந்தத் தாவலில் ஸ்டார்ட்அப் இம்பாக்ட் என்ற நெடுவரிசை இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதே இல்லை. ஹை என்று போட்டிருந்தால் அந்த நிரல் தொடக்கத்தில் 1 விநாடிக்கு மேல் பிராசசர் நேரத்தையோ 3 எம்பிக்கு மேல் டிஸ்க் வேலையையோ எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். லோ என்றால் 300 மில்லி விநாடிக்கும் 300 கேபிக்கும் கீழே. கேட்க சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் சுழலும் டிஸ்க்கில் பத்து நிரல்கள் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு மூலையில் இருக்கும் கோப்பைக் கேட்டால், அதன் முள் இங்கும் அங்கும் ஓடியே களைத்துப்போகும். நேரத்தைத் தின்றது அந்த ஓட்டம்தான். ஹை என்று இருந்த ஆறில் ஐந்தை டிஸேபிள் செய்தேன். மறுநாள் 2 நிமிடம் 30 விநாடி. செலவு ஒரு பைசா இல்லை.

சரி, இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் ஒரு பிடிஎஃப் மென்பொருளின் அப்டேட்டர், அதாவது அதைப் புதுப்பிக்கும் துணை நிரல் மட்டும், ஸ்டார்ட்அப் தாவலில் நிறுத்தி வைத்த பிறகும், தினமும் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கிருந்து வருகிறது என்று தேடப் போய்த்தான் ஆட்டோரன்ஸ் கிடைத்தது. மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் என்ற இரண்டு நிரலாளர்கள் தொடங்கிய சிசின்டர்னல்ஸ் என்ற விண்டோஸ் கருவித் தொகுப்பில் ஒன்று. 2006இல் மைக்ரோசாஃப்ட் அவர்கள் நிறுவனத்தையே வாங்கிவிட்டது, இன்றும் மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நிறுவ வேண்டியதில்லை. ஜிப் கோப்பைப் பிரித்து, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் போதும். வேறு எங்கிருந்தும் இறக்காதீர்கள்.

முதலில் திறந்தபோது பயந்துதான் போனேன். டாஸ்க் மேனேஜர் 17 காட்டிய இடத்தில் இது நூற்றுக்கணக்கான வரிகளைக் காட்டியது. லாகான், எக்ஸ்ப்ளோரர், ஷெட்யூல்டு டாஸ்க்ஸ், சர்வீசஸ், டிரைவர்ஸ், பிரிண்ட் மானிட்டர்ஸ் என்று தாவல்கள் நீண்டுகொண்டே போகின்றன. விண்டோஸில் ஒரு நிரல் தானாக எழுந்துகொள்ள அத்தனை வாசல்கள் இருக்கின்றன, நாம் பூட்டுவது என்னவோ முன்வாசலை மட்டும்தான். என் பிடிஎஃப் அப்டேட்டர் ஷெட்யூல்டு டாஸ்க்ஸில் இருந்தது. நான் லாகின் ஆனதும் ஓடு என்று ஒரு பணியைத் தானே பதிவு செய்து வைத்திருந்தது. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் தாவலில் இந்தப் பணிகள் வரவே வராது. என்னைக் கேட்காமல் என் கணினியில் ஒரு வேலையைப் போட்டு வைத்தது எனக்கு இன்றும் கோபம் தரும் விஷயம். வேகம் குறைவது அதற்கு அப்புறம்தான்.

புதிதாகத் திறப்பவர்கள் முதலில் ஆப்ஷன்ஸ் மெனுவில் மைக்ரோசாஃப்ட் வரிகளை மறைக்கும் வசதியைப் போடுங்கள், பட்டியல் பாதிக்கு மேல் சுருங்கிவிடும். கூடவே ஸ்கேன் ஆப்ஷன்ஸில், கோப்பை வெளியிட்டவர் யார் என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும் வசதியையும் போடுங்கள். கம்பெனிப் பெயர் என்பது யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளக்கூடியது, ஒரு வைரஸ்கூடத் தன்னை மைக்ரோசாஃப்ட் என்று எழுதிக்கொண்டு மறைந்துகொள்ளலாம். மஞ்சள் நிறத்தில் ஒரு வரி வந்தால் அந்தப் பதிவு இருக்கிறது, ஆனால் அது சுட்டும் கோப்பு இல்லை என்று பொருள். பெரும்பாலும் நீக்கிய மென்பொருள் விட்டுப்போன குப்பை. இளஞ்சிவப்பு வந்தால் வெளியிட்டவர் விவரமோ கையொப்பமோ சரியில்லை. உடனே வைரஸ் என்று அலற வேண்டாம், பழைய பிரிண்டர் மென்பொருள்கூட அப்படி வரும். ஆனால் நின்று விசாரிக்க வேண்டிய வரி அது.

எனக்கு நேர்ந்த ஒரு தவறைச் சொல்கிறேன். இரண்டாம் நாளே, பின்னணியில் ஓடும் நிரல்கள் இருக்கும் சர்வீசஸ் தாவலுக்குப் போய், பெயர் புரியாத நாலைந்து வரிகளில் டிக்கை எடுத்துவிட்டேன். ரீஸ்டார்ட் ஆனதும் டச்பேடில் இரண்டு விரலால் நகர்த்துவது வேலை செய்யவில்லை. அதில் எது காரணம் என்று தெரியாமல் ஒவ்வொன்றாக டிக் வைத்து, ஒவ்வொரு தடவையும் ரீஸ்டார்ட் செய்து, ஒரு மதியம் முழுக்கப் போனது. அதன்பிறகு ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மேல் தொடுவதில்லை, டிலீட்டும் கொடுப்பதில்லை. டிக்கை எடுத்தால் ஆட்டோரன்ஸ் அந்தப் பதிவை ஓரமாக எடுத்து வைக்கிறது, திரும்ப வைத்தால் பழைய இடத்துக்கே வந்துவிடும். டிலீட் கொடுத்தால் போனது போனதுதான். வன்பொருளை இயக்கும் நிரல்கள் இருக்கும் டிரைவர்ஸ் தாவலில் என்ன என்று உறுதியாகத் தெரியாத எதையும் தொடாதீர்கள், கணினி எழுந்துகொள்ளாமலே போகலாம்.

இந்த ஓரமாக எடுத்து வைக்கும் முறையில் ஒரு சிக்கல் உண்டு, அது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. ஒரு வீடியோ அழைப்புச் செயலியை ஆட்டோரன்ஸில் நிறுத்தியிருந்தேன். ஒரு மீட்டிங்குக்காக அதைக் கையால் திறந்தேன், மறுநாள் பார்த்தால் தானாகத் திறந்து நிற்கிறது. ஆட்டோரன்ஸில் அதே பெயரில் இரண்டு வரி, ஒன்று டிக் இல்லாமல், ஒன்று டிக்கோடு. நடந்தது இதுதான்: விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ரன் என்ற கிளையில் இருந்த பதிவை ஆட்டோரன்ஸ் இடம் மாற்றிவிட்டது, செயலி திறந்ததும் தன் பதிவைக் காணோமே என்று புதிதாக ஒன்றை எழுதிக்கொண்டது. டாஸ்க் மேனேஜர் அப்படிச் செய்வதில்லை. பதிவை இருந்த இடத்திலேயே விட்டு, இந்தப் பெயருக்கு அனுமதி இல்லை என்று வேறொரு கிளையில் குறித்து வைக்கிறது. அதனால் செயலி பத்து தடவை எழுதினாலும் தடை அப்படியே இருக்கும். அன்றிலிருந்து, டாஸ்க் மேனேஜரில் தெரிகிறதை அங்கேயே நிறுத்துகிறேன், அங்கே தெரியாததற்கு மட்டும் ஆட்டோரன்ஸ்.

அக்கா வீட்டுக் கணினியில் நடந்தது வேறு. டியூஷன் பிள்ளைகளுக்குத் தமிழில் கேள்வித்தாள் அடிப்பாள். ஒரு லீவில் போயிருந்தபோது அவள் கணினியையும் சுத்தம் செய்து கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். இரண்டாம் நாள் போன்.

“தம்பி, நீ தொட்டுட்டுப் போனதிலேருந்து தமிழே வரமாட்டேங்குது. நாளைக்குப் பரீட்சை.”

தமிழ்த் தட்டச்சுக் கருவியைத் தேவையில்லாதது என்று நானே நிறுத்தியிருக்கிறேன். என் கணினியில் விண்டோஸோடு வரும் தமிழ் விசைப்பலகை போதும், அவளுக்கு அந்தக் கருவிதான் பழக்கம். போனிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொல்லி எனேபிள் செய்ய வைத்தேன். அடுத்தவர் கணினியில் எது தேவையில்லை என்று நாம் முடிவு செய்யக்கூடாது, பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு பெயராகக் கேட்க வேண்டும். ஆன்டிவைரஸ், தட்டச்சுக் கருவி, டச்பேடும் ஒலியும் சார்ந்தவை, இதெல்லாம் நான் இப்போது யார் வீட்டிலும் தொடுவதில்லை.

எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும் என்பதும் இல்லை. என் கணக்குக் கோப்புகளை இணையச் சேமிப்பில் (கிளவுட்) ஏற்றும் செயலி எனக்குக் கட்டாயம் வேண்டும், ஆனால் லாகின் ஆன அதே நிமிடத்தில் வேண்டாம். அதை ஸ்டார்ட்அப்பிலிருந்து எடுத்துவிட்டு, குறித்த நேரத்தில் நிரலை ஓட வைக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் லாகின் ஆகி 15 நிமிடம் கழித்து ஓடும்படி வைத்திருக்கிறேன். கைபேசி ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்யும் நாட்களில் இது டேட்டாவையும் காப்பாற்றுகிறது, வேண்டாத நாளில் அந்த 15 நிமிடத்துக்குள் நிறுத்திவிட முடிகிறதே. ஆட்டோரன்ஸில் இந்தத் தாமத வசதி இல்லை. எந்த நிரல் எத்தனை நேரம் எடுக்கிறது என்றும் அது சொல்லாது. இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான் அதன் வேலை.

நேரத்தை அளந்து பார்ப்பவர்களுக்கு ஒன்று. ஷட் டவுன் கொடுத்துத் திறந்த நேரத்தையும் ரீஸ்டார்ட் நேரத்தையும் கலந்து ஒப்பிட்டு நான் பல மாதம் குழம்பினேன். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. அது இயங்கினால் ஷட் டவுன் என்பது முழு அணைப்பு இல்லை, இயங்குதளத்தின் மையப் பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, மறுபடி அதையே எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட்தான் முழுவதும் புதிதாகத் தொடங்கும். எப்போதும் ரீஸ்டார்ட்டிலேயே அளங்கள். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால், விண்டோஸ் குறித்து வைக்கும் நிகழ்வுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ் என்ற பதிவேட்டில் 100ஆம் எண் நிகழ்வைப் பாருங்கள், தொடங்க எத்தனை மில்லி விநாடி ஆனது என்று விண்டோஸே எழுதி வைத்திருக்கும்.

2021இல் பழைய டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலும் பாகமே இல்லாத வேகமான எஸ்எஸ்டி போட்டு ரேமையும் 8 ஜிபி ஆக்கினேன். எல்லாம் சேர்த்து 40 விநாடிக்கு வந்துவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும், ஸ்டார்ட்அப்பைச் சுத்தம் செய்து கிடைத்ததைவிட இதில் கிடைத்தது அதிகம். ஹார்ட் டிஸ்க்கில் இன்னும் தவிக்கிறவர்கள் முதலில் கையில் காசு இருந்தால் எஸ்எஸ்டி போடுங்கள். அப்படியானால் ஆட்டோரன்ஸ் எதற்கு என்று என் நண்பர்கள் கேட்கிறார்கள். எஸ்எஸ்டி வந்த பிறகுதான் எனக்கு அதன் முக்கியமான வசதி தெரிந்தது. கணினி வேகமாக எழுந்துகொள்ளும்போது உள்ளே புதிதாக என்ன சேர்ந்தாலும் நமக்கு உறைக்காது. பட்டியல் சுத்தமாக இருக்கும் நாளில் ஃபைல் மெனுவில் சேவ் கொடுத்து ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதி வேலை முடிந்ததும் கம்பேர் கொடுத்து அந்தப் பழைய பிரதியோடு ஒப்பிடுகிறேன். புதிதாக வந்தது பச்சையில் நிற்கும். ஐந்து நிமிட வேலை.

ஒருமுறை இப்படிப் பச்சையில் வந்தது, நான் எங்கோ இறக்கிய இலவச வீடியோ மாற்றியோடு வந்த, பெயரே தெரியாத ஒரு சர்வீஸ். கையொப்பம் இல்லை. ஒரு கோப்பைப் பல ஆன்டிவைரஸ்களில் சோதிக்கும் வைரஸ்டோட்டல் என்ற தளத்தில் ஆட்டோரன்ஸில் இருந்தே சோதிக்க முடியும், அதில் பல ஆன்டிவைரஸ்கள் அதை ஆட்வேர், அதாவது விளம்பரம் திணிக்கும் நிரல் என்று காட்டின. இரண்டையும் நீக்கினேன். ஒப்பிடாமல் இருந்திருந்தால் 40 விநாடி 42 ஆனதை நான் எங்கே கவனித்திருப்பேன்? கடைக்காரர்களின் பாஸ்வேர்டு எல்லாம் இந்தக் கணினியில்தான் அடிக்கிறேன்.

சாதாரணமாக வீட்டில் பயன்படுத்துகிறவர்களுக்கு டாஸ்க் மேனேஜர் போதும். நிறுத்திய செயலி நிறுத்திய பிறகும் திறந்தால், செட்டிங்ஸில் சைன்-இன் ஆப்ஷன்ஸ் பக்கத்தில், முன்பு திறந்திருந்த செயலிகளை மறுபடி திறக்கும் வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், அதுவும் காரணமாக இருக்கலாம். அதிலும் நிற்கவில்லை என்றால் ஆட்டோரன்ஸைத் திறந்து ஷெட்யூல்டு டாஸ்க்ஸிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

போன மாதம் ஒப்பிட்டதில் இரண்டு பச்சை வரிகள். ஒன்று நானே நிறுவிய ஸ்கேனருடையது, விட்டுவிட்டேன். இன்னொன்று அதே பிடிஎஃப் அப்டேட்டர், பெயரை லேசாக மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. டிக்கை எடுத்துவிட்டுப் புதுப் பிரதியைச் சேவ் செய்தேன்.