முதலில் டிஸ்க்கை அளக்கட்டும்: மலையில் ஒரு சொகுசு காரின் சர்வீஸ் செலவு

2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி மாறியதிலிருந்து குன்னூர் நண்பர் ஒருவர் என்னை விடுவதாக இல்லை. பெரிய கார்களுக்கு 28 சதவீத ஜிஎஸ்டி, அதன்மேல் செஸ் என்று 48, 50 சதவீதம் வரை போன வரி இப்போது 40. நான் வைத்திருக்கும் மாடலின் விலையும் லட்சக்கணக்கில் இறங்கியிருக்கிறது. "அண்ணா, எடுத்துடட்டுமா? சர்வீஸுக்கு வருஷத்துக்கு என்ன ஆகும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். போனில் சொன்னால் கோபத்தில் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். முந்தாநாள்தான் சர்வீஸ் முடிந்து காரை மேலே கொண்டுவந்தேன். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை என்பதையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது 2021-இல் புதிதாக வாங்கிய ஐரோப்பிய டீசல் எஸ்யூவி. ஆட்டோமேட்டிக், பிஎஸ்-6, நீலகிரிப் பதிவு. கம்பெனி பெயரும் டீலர் பெயரும் இங்கே தேவையில்லை. வீடு கோத்தகிரியில், சர்வீஸ் சென்டர் கோயம்புத்தூரில். மலையில் இருக்கும் எல்லோருக்கும் இதுதான் நிலைமை. மாருதிக்கு ஊட்டியிலேயே ஆள் கிடைக்கும், இந்த மாதிரிக் காருக்குக் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.

முதல் மூன்று வருஷம் வாரண்டியும், காரோடு சேர்த்து வாங்கிய சர்வீஸ் பேக்கேஜும் இருந்ததால் பெரிதாக எதுவும் தெரியவில்லை. பேக்கேஜில் ஆயில், ஃபில்டர், அதற்கான லேபர் எல்லாம் அடக்கம். 2024-இல் அது முடிந்ததும் பில் வரத் தொடங்கியது. ஆயில் சர்வீஸ் மட்டும் என்றால் சுமார் 31,000 ரூபாய். இதில் எனக்குப் பெரிய குறை இல்லை. ஆறு லிட்டருக்கு மேல் ஆயில் பிடிக்கும் என்ஜின், கம்பெனி சொன்ன தரத்தில் ஆயில், ஆயில் ஃபில்டர், கேபின் ஃபில்டர். விலை அதிகம்தான், ஆனால் என்ன போட்டார்கள் என்று பில்லில் இருக்கிறது.

பிரேக் ஆயிலையும் நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றத்தான் வேண்டும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட்-4 தரத்தில் புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் ஏறியதற்கு 155 டிகிரி இருந்தாலே போதும் என்றுதான் விதி. சமவெளியில் ஓட்டுபவர் அதைக் கவனிக்காமல் கூட இருக்கலாம். மலையிறங்கும்போது ஆயில் கொதித்துக் குழாயில் ஆவி சேர்ந்தால், காலுக்குக் கீழே பெடல் அப்படியே உள்ளே போய்விடும். அந்த லைனில் நான் பேரம் பேசியதே கிடையாது.

என் சண்டை எல்லாம் பிரேக்கின் பேடும் டிஸ்க்கும் பற்றித்தான். சக்கரத்தோடு சுழலும் தட்டு டிஸ்க், அதை இருபக்கமும் இறுக்கிப் பிடிப்பது பேடு.

கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 330 மீட்டர் கூட வராது. நடுவில் 33 கிலோமீட்டர் சாலை. இரண்டு டன் காரை இந்த உயரத்திலிருந்து இறக்கினால், கணக்குப்படி ஏறத்தாழ 8 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வெளியே வருகிறது. காற்றும் டயரும் அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதி வேறு எங்காவது சூடாகப் போய்த்தான் ஆக வேண்டும். கியரில் பிடித்து இறங்கினால் பெரும்பகுதியை என்ஜின் வாங்கிக்கொள்ளும். பிரேக்கிலேயே பிடித்தால் பேடும் டிஸ்க்கும் வாங்கிக்கொள்ளும். மலைச்சாலை நெடுக இரண்டாவது கியரில் இறங்குங்கள் என்று போலீஸ் போர்டு வைத்திருப்பது இதற்காகத்தான். ஆட்டோமேட்டிக்கை 'டி'-யிலேயே விட்டுவிட்டால் பெரும்பாலும் அது மேல் கியருக்குப் போய்விடும். நாமாக மேனுவலுக்கு மாற்றி இரண்டிலோ மூன்றிலோ பிடித்து வைக்க வேண்டும்.

இப்படிப் பார்த்துப் பார்த்து இறக்கியும் முன்பக்கப் பேடு சமவெளிக் காரைவிடச் சீக்கிரம் தேய்கிறது. தேயட்டும், மலையில் இருந்தால் அதுதான் கணக்கு. ஒவ்வொரு முறையும் எஸ்டிமேட்டில் வந்து நிற்கும் வரிதான் எரிச்சல்: "முன்பக்க பேட் செட், டிஸ்க் இரண்டு, பேட் சென்சார், லேபர்." இந்த முறை அது 1,04,000 ரூபாய். டிஸ்க் ஏன் என்று கேட்டேன். "பேட் மாத்தும்போது டிஸ்க்கும் சேர்த்து மாத்திடறதுதாங்க சார் நல்லது. அறுபது சதவீதம் தேஞ்சிருக்குதுங்க" என்றார் சர்வீஸ் அட்வைசர். எதில் அறுபது சதவீதம், யார் அளந்தது, எதை வைத்து அளந்தது என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

டிஸ்க் தேய்மானம் கண்ணால் பார்த்துச் சொல்லும் விஷயம் இல்லை. எந்தக் காராக இருந்தாலும் டிஸ்க்கின் மேலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருப்பார்கள். என் காரில் புது டிஸ்க் 30 மில்லிமீட்டர், பொறித்திருக்கும் குறைந்தபட்சம் 28.4. ஆக, தேய்வதற்கு உள்ள இடம் 1.6 மில்லிமீட்டர். தடிமன் அளக்கும் மைக்ரோமீட்டர் வைத்தால் இரண்டு நிமிஷ வேலை. நான் ஒர்க்‌ஷாப் உள்ளேயே போய் நின்று அளக்கச் சொன்னேன். அங்கிருந்த டெக்னீஷியன் ஒரு வார்த்தை முகம் சுளிக்காமல், சக்கரம் கழற்றி, டிஸ்க்கைச் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்து காட்டினார். குறைந்த இடத்தில் 29.3. பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. வெப்பத்தில் வரும் விரிசல் இல்லை, நீலம் பாயவில்லை, பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் உதறுவதும் இல்லை. டிஸ்க் தப்பித்தது. பேடு, சென்சார், லேபர் சேர்த்து பில் 38,000-க்கு இறங்கியது.

66,000 ரூபாய் வித்தியாசம், ஒரு கருவியை எடுத்து வைத்ததால். அந்தக் கருவி அதே கொட்டகையில்தான் இருந்தது.

டீலர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. டிஸ்க் குறைந்தபட்சத்துக்கு அருகில் வந்துவிட்டால் புதுப் பேட்டின் ஆயுள் முடியும்வரை அது தாங்காது. அப்போது இரண்டையும் ஒன்றாக மாற்றுவதுதான் சரி, இல்லையென்றால் லேபரை இருமுறை கொடுக்க நேரும். மலை இறக்கத்தில் சூடுபட்டு வளைந்த, வெடிப்பு விழுந்த டிஸ்க்கை நானே மாற்றச் சொல்வேன். ஆனால் அதைத் தீர்மானிக்க ஓர் எண் வேண்டாமா? அந்த எண் ஜாப் கார்டில் இருக்க வேண்டும். என்னிடம் கேட்டு வாங்கிய காசுக்கு நான் கேட்காமலே அது வந்திருக்க வேண்டும். கேட்கத் தெரியாதவர், ஊட்டியில் ரிட்டயராகி உட்கார்ந்திருக்கும் பெரியவர், அவரிடம் இந்த 66,000 சத்தமில்லாமல் போய்விடுகிறதே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதோடு சேர்ந்தது இன்னொன்று. காரை எடுத்துப்போக டிரைவர் அனுப்புகிறோம் என்பார்கள், வசதிதான். வருபவர் சமவெளி டிரைவர். 'டி'-யில் போட்டு, கால் பிரேக்கிலேயே மேட்டுப்பாளையம் சாலையில் அரவேணுவிலிருந்து குஞ்சப்பனை வரை இறக்குவார். ஒருமுறை நான் பின்னாலேயே வேறு வண்டியில் போனேன். குஞ்சப்பனையில் நின்றபோது காரைச் சுற்றிலும் பேடு கருகிய வாடை. அப்படி இறக்கிக் கொண்டுபோன காரைத் தூக்கி நிறுத்திப் பார்த்துவிட்டு, பிரேக் சூடு கண்டிருக்கிறது என்று நமக்கே எஸ்டிமேட் வரும். அன்றிலிருந்து நானே கொண்டுபோய் விடுகிறேன். அங்கே பதிலுக்கு ஒரு கார் தருகிறேன் என்றால் அதுவும் லேசில் முடிவதில்லை. அது கோயம்புத்தூர்ப் பதிவு, மலையேற இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே 7-இலிருந்து வெளி மாவட்டப் பதிவு வண்டிகளுக்கு அந்த விதி. பஸ்ஸில் வந்துவிடுவதே நிம்மதி.

ஏசி கிருமி நீக்கம், என்ஜின் கார்பன் நீக்கம், "கன்ஸ்யூமபிள்ஸ்" என்று சில ஆயிரங்கள் எஸ்டிமேட்டில் தானாக ஏறியிருக்கும். கண்ணாடியில் பனி படியாமல் இருக்க நாங்களும் ஏசி போடுகிறோம்தான், ஆனால் கோத்தகிரியில் எவாப்பரேட்டர் (ஏசியில் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) அழுக்கேறி நாறும் அளவுக்கு யார் போடுகிறார்கள்? வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் உடனே எடுத்துவிடுகிறார்கள். கையெழுத்துப் போடும் முன் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

வரி விஷயத்தில் கொஞ்சம் நல்ல செய்தி. முன்பு பெரும்பாலான கார் பாகங்களுக்கு 28 சதவீத ஜிஎஸ்டி. இப்போது எல்லாவற்றுக்கும் 18. 60,000 ரூபாய் பாகத்துக்கு 16,800 கட்டிய இடத்தில் 10,800 கட்டினால் போதும். லேபருக்கு அப்போதும் 18, இப்போதும் 18.

வெளி ஒர்க்‌ஷாப் எப்படி என்று நண்பர் கேட்பார். கோயம்புத்தூரில் நல்ல ஆட்கள் இருக்கிறார்கள், டீலர்களிடம் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்து சொந்தமாக வைத்தவர்கள். அதே தரத்து ஆயில், மான் (MANN) அல்லது மாலே (MAHLE) கம்பெனி ஃபில்டர் போட்டு ஆயில் சர்வீஸை 17,000-க்கு முடித்துத் தருகிறார் எனக்குத் தெரிந்த ஒருவர். இந்தக் கார் கம்பெனிகள் பிரேக் பேட்டையோ ஃபில்டரையோ தாங்களே செய்வதில்லை; செய்து கொடுக்கும் கம்பெனியின் சொந்தப் பெட்டியில் வாங்கினால் விலை குறையும். ஆனால் சாஃப்ட்வேர், கோடிங் என்று வந்தால் அவரும் கையை விரித்துவிடுவார், டீலரிடம்தான் போக வேண்டும். இது இன்று நேற்று வந்த புகார் இல்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஸ்பேர்களும் பழுதுபார்க்கும் விவரங்களும் கருவிகளும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்காதபடி வைத்திருந்தார்கள் என்பதற்காக. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. பில்லை வாங்கும் எனக்கு அந்த உத்தரவால் ஏதும் மாறியதாகத் தெரியவில்லை.

இவ்வளவு திட்டிவிட்டு இதையும் சொல்லாமல் விட்டால் அநியாயம். போன ஐப்பசி மழையில் மரப்பாலம் பக்கம் மண் சரிந்து குன்னூர் சாலையை மூடிவிட்டார்கள். லாரி, பஸ் எல்லாம் கோத்தகிரி வழியாகத் திரும்பிவிட, இரவு அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தேன். முள்ளூர் தாண்டி ஒரு வளைவில் மூடுபனிக்குள்ளிருந்து காட்டெருமை நடுச்சாலைக்கு வந்துவிட்டது. ஈரச்சாலையில் அழுத்திய பிரேக்குக்கு இரண்டு டன் வண்டி ஒரு சாண் கூடக் கோணாமல் நேராக நின்றது. ஸ்டியரிங் கையில் அசையவில்லை. ஏபிஎஸ் உறுமியது, அவ்வளவுதான். அந்த மிருகம் எங்களை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தேயிலைக்குள் இறங்கிப் போனது. அம்மா "மெதுவாப் போப்பா" என்றாள்.

அந்த பிரேக்குக்காக நான் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பேன். தேய்ந்த பேட்டுக்கு 38,000 கொடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை. தேயாத டிஸ்க்குக்கு 66,000 கேட்டதுதான் வருத்தம்.

ஆகவே குன்னூர்த் தம்பிக்கு: கார் அருமை, இந்த மலைக்கென்றே செய்தது போல ஓடுகிறது, இறக்கத்திலும் ஏற்றத்திலும் இதற்கு ஈடாக நான் எதையும் ஓட்டியதில்லை. வாங்காதே. விலை ஐந்து, ஆறு சதவீதம் குறைந்தது என்று எடுக்காதே. கீழே இறங்கி ஒரு நாளைச் செலவழித்து, எஸ்டிமேட்டை வரி வரியாகப் படித்து, ஒர்க்‌ஷாப்புக்குள் நின்று அளக்கச் சொல்லும் பொறுமை உனக்கு இல்லை. உன் பேக்கரியை யார் பார்ப்பது? அப்படியும் எடுத்தே தீருவேன் என்றால், பேடும் டிஸ்க்கும் அடங்கிய பெரிய பேக்கேஜை ஷோரூமிலேயே பேசி, என்னென்ன அடக்கம் என்று எழுத்தில் வாங்கிக்கொள். எக்ஸ்டெண்டட் வாரண்டியும் எடு. டெலிவரி அன்றே நாலு டிஸ்க்கிலும் பொறித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்.

நான் என் காரை விற்கப்போவதில்லை. தை மாதம் பின்பக்கப் பேடு மாற்ற வேண்டியிருக்கும் என்று இப்போதே சொல்லிவிட்டார்கள், டிஸ்க்கோடு சேர்த்து 81,000 என்று எஸ்டிமேட்டும் வாட்ஸப்பில் வந்துவிட்டது. எத்தனை மில்லிமீட்டர் என்று பதில் போட்டிருக்கிறேன்.