தனிச்சொல்லை விட்டேன், ஜோடியைப் பிடித்தேன்: நான்கு வருட அனுபவம்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டு பையர்களிடம் தினமும் ஆங்கிலத்தில் பேச வேண்டும். மெயில் என்றால் நிதானமாகத் திருத்தி அனுப்பலாம். போனில்தான் திணறுவேன். 'டெட்லைன்' என்ற சொல் தெரியும், ஆனால் அதற்கு முன்னால் என்ன போடுவது? கீப்பா, டச்சா, ஃபினிஷா? நான் யோசிக்கும் இரண்டு விநாடிக்குள் எதிர்முனையில் "ஹலோ, ஹலோ" என்பார்கள். 'மீட் த டெட்லைன்' என்பதை ஒரே சொல்லைப் போல மனதில் ஏற்றிய பிறகு அந்த இடத்தில் திணறல் நின்றது.

அன்று தொடங்கிய நோட்டில் இன்றுவரை தனிச்சொல் எழுதுவதில்லை. பிளேஸ் அன் ஆர்டர், ரெய்ஸ் அன் இஷ்யூ, ரீச் அன் அக்ரிமென்ட் என்று ஜோடியாகத்தான் எழுதுகிறேன்.

தமிழிலும் அப்படித்தானே? பசி எடுக்கும், தூக்கம் வரும், குளிர் அடிக்கும். ஏன் என்று கேட்காமல் சேர்த்தே பழகிவிட்டோம். அந்தப் பழக்கம்தான் ஆங்கிலத்தில் காலை வாருகிறது. மாத்திரை சாப்பிடுகிறோம், அதனால் 'ஈட் எ டேப்லெட்' என்று வாயில் வருகிறது. அவர்களுக்கு அது 'டேக்'. கனவு கண்டேன் என்பது 'சா எ ட்ரீம்' ஆகிவிடுகிறது. அவர்கள் 'ஹேட் எ ட்ரீம்' என்பார்கள். லைட்டைப் போடு என்பதற்கு 'புட்' கிடையாது, 'டர்ன் ஆன்'. இப்படித் தமிழ் இழுத்துவிடும் ஜோடிகளுக்குத் தனிப் பக்கம் வைத்தேன். எனக்கு அதிகம் பயன்பட்டது அந்தப் பக்கம்தான்.

சந்தேகம் வந்தால் ஆக்ஸ்ஃபோர்டின் சொற்சேர்க்கை அகராதியைப் புரட்டுவேன். ஒரு பெயர்ச்சொல்லைத் தேடினால் அதோடு சேரும் வினை, அடைமொழி எல்லாம் வரிசையாக இருக்கும். அத்தனையையும் மனப்பாடம் செய்யப் பார்த்துத்தான் முதல் வருடத்தை வீணாக்கினேன். தினம் இருபது எழுதினேன், ஒன்றும் வாயில் வரவில்லை. இப்போது வாரத்துக்கு ஐந்துதான். ஒவ்வொன்றையும் என் வேலையில் நடந்த ஒரு விஷயத்தோடு வாக்கியமாக்கி, பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது வாய்விட்டுச் சொல்வேன். அதே வாரம் ஒரு போன் காலிலாவது பயன்படுத்திவிட வேண்டும்; இல்லாவிட்டால் மறந்துபோகிறது.

இலக்கணத்தை இது தூக்கிச் சுமக்காது. ஜோடி சரியாக வந்தாலும், நேற்று நடந்ததற்கு 'வீ மீட் த டெட்லைன்' என்றால் தப்புதான், 'மெட்' என்று வர வேண்டும். காலம் மாற்றிச் சொல்வதைத் தனியாகத்தான் பழகினேன்.

இப்போது ஆர்டர், சாம்பிள், ஷிப்மென்ட் பற்றி அரை மணி நேரம் தடையின்றிப் பேசுகிறேன். ஆனால் போன் கால் தொடங்கும்போது பையர் வானிலையையும் வார விடுமுறையையும் விசாரித்தால் பழைய மௌனம் எட்டிப்பார்க்கிறது. அதற்காக இந்த மாதம் நோட்டில் 'ஹெவி ரெயின்', 'ஸ்பெண்ட் த வீக்கெண்ட்' என்று புதுப் பக்கம் தொடங்கியிருக்கிறேன்.