சிறுகுறிஞ்சான் பொடி: எட்டு வாரச் சோதனை

எங்கள் ஊர் நாட்டு மருந்துக் கடையில் 100 கிராம் பொட்டலம் வாங்கினேன். முதல் சோதனை நாக்கில்தான். அரைக் கரண்டி பொடியை வாயில் ஒரு நிமிடம் ஊறவிட்டேன். கசப்பு தொண்டை வரை இறங்கியது. கொப்பளித்துவிட்டுச் சர்க்கரையைப் போட்டால் ஆற்று மணலை மென்றதுபோல நறநறவென்கிறது, இனிப்பே இல்லை! இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலம் இனிப்பை உணரவிடாமல் தடுக்கிறது. சர்க்கரைக்கொல்லி என்ற இதன் இன்னொரு பெயர் எவ்வளவு பொருத்தம்!

ரத்தத்தில் என்ன நடக்கிறது என்பது வேறு கேள்வி. மருத்துவரிடம் சொல்லிவிட்டு, நீரிழிவுக்கு நான் எடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்தாமல், எட்டு வாரம் சாப்பிட்டேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 148-இலிருந்து 131-க்கு வந்தது. ஆனால் அதே நாட்களில் மாலை நடையும் தொடங்கியிருந்தேன். பொடியின் பங்கை மட்டும் பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. இன்சுலினோ, கிளிமெபிரைடு என்ற சர்க்கரை குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம்.

இரண்டாவது பொட்டலம்தான் மனத்தை வருத்தியது. பழுப்பேறி, வைக்கோல் வாசனை. அதைச் சுவைத்த பிறகும் சர்க்கரை இனித்தது. அரைத்த தேதி எங்கும் இல்லை. கேட்டதற்கு, “எல்லாம் ஒரே சரக்குதான் ஐயா” என்றார் கடைக்காரர். அடுத்த முறை இலையாகவே வாங்கி, நிழலில் உலர்த்தி, நானே இடிக்கப்போகிறேன்.